டீசல் வண்டியின் கரிவடியும் அதன் பிணி காணும் முறையும்

காய்ச்சல் நோயன்று, நோயின் குறியாகும். காய்ச்சலைக் கண்டவுடன் அதற்கு மட்டும் மருந்தளித்துத் திருப்தியுறும் வைத்தியனை நல்ல வைத்தியன் என்று எவரும் கூறார். இவ்வுண்மை இயந்திரங்களுக்கும் பொருந்தும். இக்காலத்து டீசல் பிக்அப் வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன், கராச்சுகளில் 'டீ.பி.எவ்.' என்று வழங்கும் கரிவடியைக் கழற்றி எறிவதும், பெரும்பணம் கொடுத்துப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுவதும் வழக்கமாகிவிட்டன. இவ்விரண்டும் செய்தபின்னும் வண்டி குணமடையாமையைப் பல இடங்களிற் காண்கின்றோம். எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் தம் தொழிலுக்கு இத்தகைய வண்டிகளையே நம்பியிருப்பதனால், அவற்றின் பிணி காணும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதற்கண் கரிவடியின் தொழில் யாதென அறிதல் வேண்டும். டீசல் எரியும்போது முற்றாக எரியாத காபன் நுண்டுகள்களாகிப் புகையுடன் வெளியேறுகின்றது. அத்துகள்களிற் பெரும்பாலானவை ஒரு மைக்குரோமீற்றரிலும் சிறியன. ஆதலின் சுவாசப்பையின் ஆழம்வரை சென்று தங்கத்தக்கன. உலக சுகாதார தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவராண்மை, 2012 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், டீசற் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதலாம் வகுப்பிற் சேர்த்தது. இத்துகள்களைத் தடுத்து நிறுத்துவதே கரிவடியின் கடமையாகும். பியூஜோ நிறுவனத்தார் 2000 ஆம் ஆண்டில் தம் 607 காரில் இதனைப் பூட்டி விற்றபின் இக்கருவி பரவலாயிற்று.

இதன் அமைப்புத் தேன்கூட்டை ஒத்தது. கோடியரைற்று அல்லது சிலிக்கன் காபைட்டு என்னும் மட்பொருளாலான கட்டியொன்றில் எண்ணிறந்த நுண்குழாய்கள் உள. ஒரு குழாயின் பின்வாய் அடைபட்டிருப்பின், அதனை அடுத்த குழாயின் முன்வாய் அடைபட்டிருக்கும். ஆகவே உட்புகுந்த புகை நுண்டுளைச் சுவரை ஊடுருவியே அப்பாற் செல்லும். கரி சுவரிற் படிந்துவிடும்.

படிந்த கரியை எரித்துவிடுதல் இன்றியமையாதது. நெடுந்தூரம் பாரத்துடன் ஓடும்போது புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டு கரியின் ஒரு பகுதியைத் தானாகவே எரிக்கும். அது போதாதபோது கட்டுப்பாட்டுக் கணினி மேலதிக டீசலைப் பீச்சச் செய்யும். கரிவடிக்கு முன்னால் அமைந்த ஒட்சியேற்றும் ஊக்கி அவ்வெரிபொருளை எரித்து, புகையின் வெப்பநிலையை ஏறத்தாழ 600 பாகை சதமவளவைக்கு உயர்த்த, கரி எரிந்தொழியும். ஆனால் எண்ணெயிற் கலந்த உலோகச் சேர்மானங்களால் உண்டாகும் சாம்பல் எவ்வெப்பத்தாலும் எரியாது. ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். கரி வேறு, சாம்பல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நன்று.

இனிப் பிணி காணும் படிமுறையை நோக்குவோம். முதலாவது, சாரதியை விசாரித்தல். வண்டி நாள்தோறும் மூன்று நான்கு மைல் தூரமே ஓடி நிற்பதாயின், எரிப்பு முற்றுப்பெறுமுன் இயந்திரம் அணைக்கப்படுகின்றதென உணரலாம். இரண்டாவது, எண்ணெய்க்கோலை இழுத்துப் பார்த்தல். எண்ணெய் மட்டம் குறிக்கு மேல் உயர்ந்து டீசல் மணம் வீசுமாயின், முற்றுப்பெறாத எரிப்புகளால் டீசல் எண்ணெயிற் கலந்துள்ளது. அவ்வெண்ணெயை உடனே மாற்றுதல் வேண்டும். இன்றேல் இயந்திரத்தின் பெயரிங்குகளே கெட்டுவிடும். சாம்பல் குறைந்த வகை எண்ணெயே ஊற்றப்பட்டதா என்பதையும் கேட்டறிக.

மூன்றாவது, வெண்துணியொன்றைப் புகைக்குழாயின் வாயினுள் விட்டுத் துடைத்தல். செவ்விய கரிவடியுள்ள வண்டியின் குழாயிற் கரி ஒட்டாது. துணி கறுத்து வருமாயின், உள்ளிருக்கும் மட்கட்டி வெடித்துள்ளது. அன்றேல் முன்னரே எவரோ அதனைக் குடைந்தெடுத்துள்ளார். பழைய வண்டி வாங்குவோர்க்கு இதனினும் எளிய சோதனை பிறிதில்லை.

நான்காவது, ஸ்கானரைப் பூட்டிக் கணினி சேமித்துள்ள குறியீடுகளைப் படித்தல். பி 2463 கரி மிகுந்ததையும், பி 2002 வடிக்கும் திறன் குறைந்ததையும், பி 2452 முதல் 2455 வரையுள்ளவை அமுக்க உணரியின் மின்சுற்றிற் குறையுள்ளதையும் குறிக்கும். குறியீடு தீர்ப்பன்று, முறைப்பாடு மட்டுமே. தீர்ப்புக் கூறுமுன் சாட்சிகளை விசாரித்தல் வேண்டுமன்றோ?

அச்சாட்சிகளுள் தலையாயது அமுக்க வேறுபாடு. கரிவடியின் முன்னும் பின்னும் இருந்து வரும் இரு சிறு குழாய்கள் ஓர் உணரியை அடைகின்றன. இயந்திரத்தை இயக்காது சாவியை மட்டும் திருப்பிய நிலையில் அதன் அளவு பூச்சியத்தை அண்மித்திருத்தல் வேண்டும். அப்பொழுதே அது அமுக்கம் காட்டுமாயின் குற்றம் உணரியினதே, கரிவடி குற்றமற்றது. குழாய் வெடித்திருத்தலும், நீரோ கரியோ அடைத்திருத்தலும், இடம் மாறிப் பூட்டியிருத்தலும் உண்டு. இவை நேராயிருப்பின் இயந்திரத்தை இயக்குக. வெறும் ஓட்டத்தில் அமுக்கம் பொதுவாக ஒரு கிலோபஸ்காலுக்கு உட்பட்டிருக்கும். சுழற்சி மிக அதுவும் படிப்படியாக மிகும். சரியான எல்லையை அவ்வவ் வண்டியின் கைந்நூலிற் காண்க. கரியை முற்றாக எரித்தபின்னும் அமுக்கம் தணியாதாயின், உள்ளிருப்பது கரியன்று, சாம்பல். அதற்குக் கழற்றிக் கழுவுவதே பரிகாரம்.

ஐந்தாவது, கரி எங்கிருந்து வருகின்றதென வினாவுதல். ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தபடி இறுகிய ஈ.ஜீ.ஆர். வால்வு, வெடித்த காற்றுக்குழாய், எண்ணெய் கசியும் டர்போ, அடைபட்ட காற்றுவடி ஆகிய ஒவ்வொன்றும் கரியைப் பெருக்கும். திறந்தபடி கெட்ட தேமோஸ்டற் இயந்திரத்தைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்க, கணினி எரிப்பைத் தொடங்கவே இசையாது. இவற்றைத் திருத்தாது புதுக் கரிவடி பூட்டுதல், கூரை ஒழுக நிலத்தைத் துடைப்பதை ஒக்கும்.

எரிப்பு நிகழும்போது வெப்பநிலைகளை ஒப்பிடுதலும் வேண்டும். டீசல் பீச்சப்பட்டும் ஊக்கியின் பின்னுள்ள உணரி வெப்பம் உயரக் காட்டாதாயின், நோய் கரிவடியிலன்றி ஊக்கியிலேயே இருத்தல் கூடும். இதற்கு அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த வழக்கு ஒன்று சான்று பகர்கின்றது. ஆங்கு 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்பிரில் வரை விற்பனையான ரொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ, போச்சூனர் ஆகிய டீசல் வண்டிகள் 264,170 பற்றிச் சமஷ்டி நீதிமன்றம் 2022 ஏப்பிரிலிற் தீர்ப்பளித்தது. அவ்வண்டிகள் மணிக்கு 100 கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் இடையறாது ஓடும்போது, ஊக்கியின் முகப்பில் படிவு உண்டாவதைத் தடுக்க அவற்றின் அமைப்பு வல்லதன்று என நீதிமன்றம் கண்டது. அதனாற் கரிவடி அடைபட்டது. வெண்புகையும் துர்நாற்றமும் எழுந்தன. நட்டஈட்டைக் கணிக்கும் முறை பற்றிய வாதம் அந்நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்று, 2024 நவம்பரில் அங்கும் தீர்ப்பாயிற்று.

இவ்வழக்குப் புகட்டும் பாடம் பெரிது. 'நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினாற் கரி எரிந்துவிடும்' என்பது எங்கும் கூறப்படும் அறிவுரை. பல வண்டிகளுக்கு அது பொருந்தும். இவ்வண்டிகளுக்கோ நெடுஞ்சாலை ஓட்டமே நோய்க்கு இடமாயிற்று. சாரதியின் பழக்கத்தையே எப்பொழுதும் குறைகூறுதல் நியாயமன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

ஸ்கானரின் ஏவலால் கட்டாய எரிப்பு நிகழ்த்துவோர்க்கும் ஓர் எச்சரிக்கை கூறுவோம். எண்ணெயில் டீசல் கலந்துள்ளபோதும், கரி எல்லை கடந்து நிறைந்துள்ளபோதும் அதனைச் செய்தல் ஆகாது; மிகுந்த கரி ஒருங்கே பற்றினால் மட்கட்டி உருகவோ வெடிக்கவோ கூடும். புகைக்குழாய் கடுவெப்பம் அடைதலின், கூரையற்ற வெளியில், காய்ந்த புல்லும் குப்பையும் அற்ற நிலத்திலேயே வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

கரிவடியைக் குடைந்தெறிந்து வெறுங் கூட்டைப் பூட்டும் குறுக்குவழியை நாம் வன்மையாக மறுக்கின்றோம். ஐக்கிய இராச்சியத்தில் 2014 பெப்ரவரி முதல், கரிவடி அகற்றப்பட்ட வண்டி ஆண்டுப் பரிசோதனையிற் தவறும். சட்டத்தின் அச்சம் ஒருபுறமிருக்க, கரிவடி தடுத்த துகள் இனி எங்குச் செல்லும் என்று சிந்தித்தல் வேண்டும். வண்டியின் பின்னே சைக்கிளிற் செல்லும் பள்ளிச் சிறுவனின் சுவாசப்பையே அதற்கு அடுத்த வடியாகும். அவ்வடியைக் கழற்றிக் கழுவ எந்தக் கராச்சாலும் இயலாது. ஆதலின் விளக்கு எரிந்தவுடன் பணப்பையைத் திறவாதும் சம்மட்டியை எடாதும், முதலில் அளந்து பார்த்து, காரணத்தைக் கண்டு, பின்னரே கை வைத்தல் அறிவுடையோர் செயலாம்.