ஒஸ்ரியோபதியும் நமது முறிவு நெரிவு வைத்தியமும்

ஒஸ்ரியோபதி என்னுஞ் சொல் கிரேக்க மொழியினின்றும் ஆக்கப்பட்டது. ‘ஒஸ்ரியோன்’ என்பது என்பினையும் ‘பாதொஸ்’ என்பது நோவினையுங் குறிக்கும். ஆயின் சொற்பொருளை மாத்திரம் நோக்கி இதனை என்பு நோய்களுக்குரிய வைத்தியமெனக் கொள்வோர் ஏமாறுவர். தசைகளையும் மூட்டுக்களையும் அவற்றைப் பிணிக்கும் நாண்களையும் கையாலே தடவியறிந்து, கையாலேயே அழுத்தியும் நீட்டியும் அசைத்தும் நோவினைத் தணிக்க முயலும் முறையே ஒஸ்ரியோபதியாகும்.

இதனைத் தோற்றுவித்தவர் அன்ட்ரூ ரெயிலர் ஸ்ரில் (1828–1917) என்னும் அமெரிக்க வைத்தியர். 1864ஆம் ஆண்டிலே மூளையுறை அழற்சி நோய்க்குத் தம் மக்கள் மூவரைப் பறிகொடுத்த அவர், அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்தார். பாதரச மருந்துகளைத் தாராளமாக ஊட்டிய காலமாதலின் அவர்தம் வெறுப்பு நியாயமானதே. 1874இல் தமது கொள்கையை வெளியிட்டு, 1892இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் நகரிற் கல்லூரியொன்றை நிறுவினார். என்புகள் இடம் பிசகுவதாற் குருதியோட்டந் தடைப்படுகின்றது. நோய்களுக்கெல்லாம் மூலம் அதுவே என்பது அவர் கொள்கை. இது மிகைக்கூற்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கைப்பயிற்சி மாத்திரம் நிலைத்தது. அவர் மாணாக்கர் லிற்றில்ஜோன் 1917இல் இலண்டனிலே கல்லூரி ஒன்றனை அமைத்தார். இன்று அமெரிக்காவில் இப்பட்டம் பெற்றோர் மருந்தெழுதவுஞ் சத்திரசிகிச்சை செய்யவும் உரிமையுடைய முழு வைத்தியர்கள். பிரித்தானியாவிலோ, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, கையாற் செய்யுஞ் சிகிச்சையையே தொழிலாகக் கொண்டோர். ஒரே பெயர் இரு நாடுகளில் இரு தொழில்களைக் குறிப்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும்.

பெயர் புதிதாயினும் கையாற் செய்யும் வைத்தியம் நம்மவர்க்குப் புதிதன்று. உடப்புக் கரையில் அம்பாப் பாடிக் கரைவலை இழுப்போரின் இடுப்பும், புத்தளத்து உப்பளங்களிற் சுமை தூக்குவோரின் தோளும், சிலாபத்துத் தோட்டங்களிலே தென்னையேறுவோரின் முழங்காலும் எண்ணெயிட்டு நீவும் பரியாரியாரின் கையை அறிந்தவையே. இவ்வைத்தியத்தை நம் முன்னோர் ‘முறிவு நெரிவு’ என இருசொல்லாற் குறித்தனர். சிங்கள மக்கள் ‘கெடும் பிந்தும்’ என்பர். என்பு உடைவது முறிவு. என்பு உடையாமல் தசையும் நாணும் நசிந்து நோவது நெரிவு. ஒஸ்ரியோபதி நெரிவின்பாற்பட்டது. முறிவு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், எந்நோவுக்கு எவரிடஞ் செல்வது என்னும் வினாவிற் பாதி தீரும்.

ஒஸ்ரியோபதி வைத்தியரிடஞ் செல்வோர் முதலில் எதிர்பார்க்க வேண்டியது கேள்விகளையே. நோவு எப்போது தொடங்கிற்று, இரவில் மிகுமா, காய்ச்சல் உண்டா, முன்பு கொண்ட நோய்கள் யாவை என வினவுவர். பின்னர் நிற்கவும் குனியவுந் திரும்பவுஞ் செய்து நோக்குவர். அதன் பின்னரே கை வைப்பர். தசையைப் பிசைதல், மூட்டை மெல்ல ஆட்டுதல், சிலபோது சடுதியான சிறு உந்துதல் என்பன சிகிச்சை வகைகள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு சற்று நோதல் இயல்பு. வினவாமலே கழுத்தைத் திருப்புபவரிடம் எவருங் கழுத்தைக் கொடுத்தலாகாது. கழுத்தைச் சடுதியாகத் திருப்புவதால் மூளைக்குச் செல்லுங் குருதிக்குழாய் கிழிந்து பாரிசவாதம் உண்டாதல் அருமையாயினும், நிகழ்ந்ததுண்டு.

உந்தும்போது எழும் ‘சடக்’ என்னும் ஓசையை, விலகிய என்பு தன் இடஞ் சேர்ந்ததற்குச் சான்றாகப் பலர் நம்புகின்றனர். நமது ஊர்களிலும் அவ்வோசை கேட்டாலன்றிக் கொடுத்த காசு செரிக்காதவர் உளர். உண்மை வேறு. மூட்டினுள்ளே உயவு நீர் ஒன்றுண்டு. மூட்டுச் சடுதியாக விரியும்போது அமுக்கங் குறைந்து அந்நீரில் வாயுக் குழி தோன்றுகின்றது. விரலில் நெட்டி முறிக்கும் ஓசையும் இதுவே. 2015இல் கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தார் விரல்மூட்டைக் காந்தப் பரிவுப் படமெடுத்து இக்குழி தோன்றுவதைக் காட்டினர். ஆகவே ஓசை எழாமையாற் சிகிச்சை பிழைத்ததெனக் கருதற்க.

பயன் யாது? இடுப்பு நோவு பெரும்பாலும் சில வாரங்களிலே தானாகத் தணிவது. கைச்சிகிச்சை அதற்கு ஓரளவு துணைபுரியும். இங்கிலாந்தின் அரச மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறிவுரை, உடற்பயிற்சியோடு சேர்த்தே இதனைக் கொள்ளலாம் என்கின்றது. படுக்கையிற் கிடப்பதினும் நடமாடுவதே நன்று. ஆஸ்துமா, வயிற்றுப்புண், சலரோகம் முதலியனவும் இதனாலே தீருமென உரைப்போரை நம்பற்க.

கை தொடலாகாத நோவுகளும் உள. இரவில் உறங்கவிடாத நோவு, காய்ச்சலொடு கூடிய நோவு, உடல் மெலிவொடு வரும் நோவு ஆகியவற்றின் பின்னே என்புக் கசமோ புற்றோ மறைந்திருத்தல் கூடும். இடுப்பு நோவோடு சிறுநீர் அடைபட்டாலும் தொடையிடுக்கு மரத்தாலும் ஒரு நாளுந் தாழ்த்தாது பெரிய வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

இனி முறிவு. பரம்பரை வைத்தியத்தைப் பேதைமையென ஒதுக்குவோர் ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891) வரலாற்றைக் கற்றல் நன்று. வேல்சு நாட்டு அங்கிள்சித் தீவிலே தலைமுறை தலைமுறையாக முறிவு கட்டிய குடும்பம் அவரது. பட்டமின்றி வைத்தியஞ் செய்தமைக்காக வழக்குகளால் அலைக்கழிக்கப்பட்ட தந்தையார், மக்கள் ஐவரையும் முறைப்படி வைத்தியங் கற்பித்தார். லிவர்ப்பூலில் ஏழைகளுக்கு வைத்தியஞ் செய்த ஹியூ, தொடையென்பு முறிவுக்கு இரும்புச் சட்டமொன்றை அமைத்தார். அவர் மருகர் றொபேட் ஜோன்ஸ் முதலாம் உலகப்போரிலே அதனை வழக்கிற் கொண்டுவர, தொடை முறிந்த போர்வீரரின் இறப்பு பெரிதுங் குறைந்தது. பரம்பரைக் கையும் கற்ற கல்வியும் ஒன்றியமையின் பயன் அது.

நமது நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியரைப் பதிவு செய்ய வழிவகுத்தது. முறிவு நெரிவு வைத்தியரும் அவ்வாறு பதிவு பெறுகின்றனர். பதிவுண்டா என வினவுதல் அவமதிப்பன்று. கதிர்ப்படம் பார்த்துக் கட்டுபவரும், தோல் கிழிந்து என்பு வெளிப்பட்ட முறிவை உடனே வைத்தியசாலைக்கு அனுப்புபவருமே என் மதிப்பில் நல்ல பரியாரியார்.

கட்டு இறுகுதலே பேராபத்து. முழங்கை முறிந்த சிறுவனின் கையை இறுகக் கட்டினால் குருதியோட்டந் தடைப்பட்டுத் தசை மடிந்து, விரல்கள் என்றும் மடங்கியே நின்றுவிடும். ஜேர்மானியச் சத்திரவைத்தியர் வொல்க்மன் 1881இல் இதனை விவரித்தார். மூங்கிற் சிம்புக்கும் வைத்தியசாலைச் சாந்துக் கட்டுக்கும் இவ்வாபத்துப் பொதுவே. விரல்கள் குளிர்ந்தாலும், வெளிறினாலும், மரத்தாலும், அவற்றை நிமிர்த்தும்போது பொறுக்கவொண்ணா நோவு எழுந்தாலும் உடனே கட்டைத் தளர்த்துவித்தல் வேண்டும். காலையிற் பார்ப்போமெனத் தாழ்த்தின் கை போய்விடும். சில மணி நேரமே தவணை.

தென்னையிலிருந்து விழுந்தவர் செய்தி இன்னும் நுண்ணியது. கழுத்தோ முள்ளந்தண்டோ முறிந்திருத்தல் கூடுமாதலின், அவரைத் தூக்கி நிறுத்தலும், இருத்தி நீர் பருக்கலும், எண்ணெய் தேய்த்தலும் ஆகா. தலையை அசையாது பிடித்துக் கிடந்தவாறே கிடக்கவிட்டு 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால், 2016இல் தொடங்கிய சுவசெரிய அவசர ஊர்தி கட்டணமின்றி வரும். ஊர்தி வரவியலாத இடமாயின், தலையும் உடலும் ஒரே நேராக இருக்க நால்வர் ஒருங்கே தூக்கிக் கதவுப் பலகையொன்றிற் கிடத்திக் கொண்டுசெல்லல் வேண்டும்.