மஜ்னூனின் காதலும் மேலைநாட்டார் கண்ட அன்பும்

காதல் என்றவுடன் சிலர் முகம் சுளிப்பர், சிலர் நகைப்பர். ஆனால் உலகப் பேரிலக்கியங்கள் பலவற்றுக்கும் அதுவே பொருள். நம் திருக்குறளின் மூன்றாம் பாலில் 25 அதிகாரங்கள் அதற்கென்றே அமைந்துள்ளன. எனவே அதனைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதினும், எது உண்மையான அன்பு என்று ஆராய்ந்து அறிவதே நன்று. அதற்குப் பாரசீகக் காவியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இன்றைய அசர்பைஜான் பகுதியில் வாழ்ந்த கவிஞர் நிஜாமி, 1188-ஆம் ஆண்டில் ‘லைலா - மஜ்னூன்’ காவியத்தைப் பாரசீக மொழியில் இயற்றினார். கதை அரபு நாட்டது. கைஸ் என்னும் இளைஞனும் லைலாவும் ஒரே பள்ளியில் பயின்று, ஒருவரையொருவர் விரும்பினர். கைஸ் தன் காதலை அடக்க மாட்டாமல் ஊரறியப் பாடித் திரிந்தான். ஊரார் அவனை மஜ்னூன், அதாவது பித்தன், என்றனர். பித்தனுக்குப் பெண் தர மறுத்த லைலாவின் தந்தை, அவளை வேறொருவனுக்கு மணம் முடித்தார். மகனைக் குணப்படுத்த வேண்டி அவன் தந்தை மெக்காவுக்கு அழைத்துச் சென்றார். அங்கும் அவன் தன் காதல் மேலும் வளரவே வேண்டினான். பாலைவனத்தில் விலங்குகளோடு வாழ்ந்து, இறுதியில் லைலாவின் கல்லறையில் உயிர்விட்டான்.

இக்காதலை மேலைநாட்டு ஞானிகளின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

கிரேக்க ஞானி பிளேட்டோ ‘விருந்து’ என்னும் நூலில், டயோட்டிமா என்ற பெண் சாக்ரடீசுக்குக் காதலைப் பற்றிப் போதித்ததாக எழுதுகிறார். காதல் ஓர் ஏணி. உடலின் அழகில் தொடங்கி, உள்ளத்தின் அழகு, அறிவின் அழகு எனப் படிப்படியாக ஏறி, அழியாத பேரழகைச் சென்றடைய வேண்டும் என்பது அவள் கருத்து. சூஃபி ஞானிகளும் மஜ்னூனை, இறைவனைத் தேடும் ஆன்மாவின் உருவகமாகக் கண்டனர். இந்த அளவில் மஜ்னூன் உயர்ந்தே நிற்கிறான்.

ஆனால் ஏணியில் ஏறியவன், கீழே நின்ற லைலாவை நினைத்தானா?

நண்பனின் நன்மையை அவன் பொருட்டே நாட வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் அதனை ஏற்று, பிறருக்கு நன்மையை விரும்புவதே அன்பு என்று விளக்கினார். இங்கேதான் மஜ்னூனின் பொன் சற்று மங்குகிறது. அவன் பாடப் பாட, லைலாவின் பெயர் ஊர் வாயில் விழுந்தது. இதையே நம் முன்னோர் ‘அலர்’ என்றனர். அவனுக்குப் பாடித் திரியப் பாலைவனம் இருந்தது. அவளோ வீட்டுக்குள் அடைபட்டு, வாய்விட்டு அழவும் வழியின்றித் தவித்தாள். அவள் துயரையும் நிஜாமி மறவாமல் பாடியிருப்பது அக்காவியத்தின் பெருமை.

ஆயினும் காதலே தீது என்று முடிவுகட்டுதல் பிழை. நாடிச் செல்லும் காதலையும் தன்னையே தரும் அன்பையும் முற்றிலும் பிரித்துவிட இயலாது. முன்னது தூய்மை பெற்றுப் பின்னதாக வளர வேண்டும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-ஆம் ஆண்டின் தம் முதல் சுற்றுமடலில் எழுதினார்.

நம் பவானி ஆற்றையே பாருங்கள். கொடிவேரி அணை அந்நீரைத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் திருப்புவதால் வயல்கள் விளைகின்றன. ஆறு வற்றினாலும் பயிரில்லை. கரையுடைத்து ஓடினாலும் பயிரில்லை.

தோழியரே, காதற் கவிதைகளைப் படிக்கும்போது பாடுபவனின் கண்ணீரை மட்டும் கண்டு மயங்காதீர்கள். பாடப்படுபவளின் நிலை என்ன என்றும் கேளுங்கள். “உனக்காக உயிரையும் விடுவேன்” என்பவனிடம், “நான் நலமாக வாழ நீ என்ன செய்வாய்?” என்று கேட்கத் தெரிந்தவளே கவிதையையும் அன்பையும் அறிந்தவள்.