கப்பன் பூங்காவில் நாலுகால் விருந்தாளிகள்

பெங்களூரின் பசுமை மனிதர்களுக்கு மட்டுமா, அவர்களுடைய நாய்களுக்குமா? விடை கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது.

பெங்களூரில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கப்பன் பூங்காதான். அன்று உள்ளே வாகனங்களுக்குத் தடை. விடிந்தும் விடியாததுமாக லாப்ரடார்களும் பீகிள்களும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து சேருகின்றன. தூக்கக் கலக்கம் தெளியாத எஜமானர்கள் பின்னால் ஓடி வருகிறார்கள். தெருவில் கிடந்து, எடுத்து வளர்க்கப்பட்ட நாட்டு நாய்களும் இப்போது இந்தக் கூட்டத்தில் ராஜநடை போடுகின்றன. கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடவிட, நாய்களுக்கென்றே வேலியிட்ட பகுதியும் உண்டு.

1870ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி உருவாக்கிய பூங்கா இது. இன்று சுமார் 300 ஏக்கர் பரப்பு. அடுக்கு மாடிக் குடியிருப்புகளால் நிறைந்துவிட்ட நகரத்தில், ஒரு பெரிய நாய் மூச்சு வாங்க ஓடுவதற்கு இவ்வளவு இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பிரச்சினையின் வேரும் அதுதான். குழந்தைகள், நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்கள், காதலர்கள் என்று எல்லோருக்கும் இதே இடம்தான் வேண்டியிருக்கிறது.

உரசல் முற்றியது 2022ல். கயிறு இல்லாமல் திரியும் நாய்கள், அள்ளப்படாத கழிவு என்று புகார்கள் குவியவே, ஜூலை 1 முதல் வளர்ப்பு நாய்களுக்குத் தடை என்று தோட்டக்கலைத் துறை அறிவித்தது. நாய்ப் பிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். மக்கள் பிரதிநிதிகள் தலையிட்டார்கள். தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் புகார் சொன்னவர்கள் எல்லோரும் நாய் வெறுப்பாளர்கள் அல்ல. பாய்ந்து வரும் நாயைக் கண்டு மிரளும் குழந்தைக்கு, ‘ஒன்றும் செய்யாது’ என்று தூரத்திலிருந்து வரும் எஜமானரின் குரல் எந்த ஆறுதலும் தருவதில்லை. அள்ளாமல் விட்ட கழிவும் தானாக மறைந்துவிடுவதில்லை. அதைக் கடைசியில் அள்ளுபவர் பூங்காவின் துப்புரவுத் தொழிலாளி.

2018ல் மாநகராட்சியும் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டது. அடுக்கு மாடி வீட்டுக்கு ஒரு நாய், தனி வீட்டுக்கு மூன்று நாய் என்று விதி கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கிடப்பில் போட்டது. அதே ஆண்டு ஹைதராபாத் வேறு பாதையில் போனது. கொண்டாப்பூரில் குப்பை கொட்டிக்கிடந்த 1.3 ஏக்கர் நிலத்தை, ரூ.1.1 கோடி செலவில் நாய்களுக்கான பூங்காவாக மாநகராட்சி மாற்றிக் காட்டியது.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே தன் கருத்தைச் சொல்லிவிட்டது: பூங்காக்களிலிருந்து வளர்ப்புப் பிராணிகளை அடியோடு விலக்குவது தொலைநோக்கற்ற செயல், போதிய உடற்பயிற்சி இல்லாத நாய்தான் முரட்டுத்தனம் காட்டும், வேண்டுமானால் நேரம் குறிக்கலாம். கயிறு அவசியம், கழிவை அகற்றுவது எஜமானரின் கடமை என்றும் வாரியம் வலியுறுத்துகிறது. சட்டமும் சும்மா இல்லை. தன் வசமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

நகரத்தின் மற்ற கவர்ச்சிகள் நாய்க்கு அவ்வளவு தாராளமாகத் திறப்பதில்லை. ஹைதர் அலி காலத்து லால்பாகில் வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி இல்லை. பூங்காவின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஆனால் ரயிலில் நாயை ஏற்ற முடியாது. பன்னர்கட்டா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப்போகும் எண்ணமே வேண்டாம். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் சிங்கங்களையும் விடாது. 2018ல் குஜராத்தின் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் மடிந்தபோது, அவற்றில் பலவற்றின் உடலில் அந்த வைரஸ் காணப்பட்டது.

பூங்காவுக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. ரேபிஸ், டிஸ்டெம்பர், லெப்டோ தடுப்பூசிகள் தவறியிருக்கக் கூடாது. 2023 கணக்கெடுப்பின்படி பெங்களூரில் 2.79 லட்சம் தெருநாய்கள். வழியில் இரண்டு மூன்றாவது எதிர்ப்படும் என்பது நிச்சயம். அப்போது நாயைக் கயிற்றில் குறுக்கிப் பிடித்து, நின்று வம்பு வளர்க்காமல் விலகி நடப்பதே புத்திசாலித்தனம்.

கோடையில் காலை எட்டு மணிக்குள் உலாவை முடித்துவிடுவது நல்லது. நாய்க்கு மனிதரைப் போல் உடலெல்லாம் வியர்க்காது. பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் சிரமம். புறங்கையைத் தார்ச்சாலையில் சில விநாடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. வீடு திரும்பியதும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று தேட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் உயிருக்கே உலை வைக்கும்.

ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு கிண்ணம், கழிவை அள்ளப் பழைய செய்தித்தாள். இவ்வளவுதான் சாமான். 2022ல் தடையைத் தடுத்து நிறுத்தியது கோஷங்கள். அது மீண்டும் வராமல் காக்கப்போவது, கையிலிருக்கும் அந்தப் பழைய செய்தித்தாள்தான்.