பெயர் சுட்டாப் பகைமை: சோவியத் பரப்புரைச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை
ஓர் இனத்தின் பெயரைச் சுட்டாமலே அவ்வினத்தாரை இழிவுபடுத்த மொழியால் இயலும். ஸ்டாலின் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் (1948-1953) நிகழ்ந்த யூத எதிர்ப்புப் பரப்புரை இதற்குத் தக்க சான்றாகும். இனச் சமத்துவத்தைக் கொள்கையாக அறிவித்திருந்த அரசு யூதரை யூதர் என்பதற்காக வெளிப்படையாகப் பழிக்க இயலாது. எனவே மாற்றுச்சொற்கள் அப்பணியை ஏற்றன. அவற்றைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. சொல்லின் பகுதி
1949 சனவரி 28 அன்று 'பிராவ்தா' நாளிதழ் நாடகத் திறனாய்வாளர் சிலரை நாட்டுப்பற்றற்ற குழுவினர் எனச் சாடியது. அவர்களுள் பெரும்பாலோர் யூதர். அவ்வியக்கத்தில் பெருவழக்குப் பெற்ற தொடர் 'பெஸ்ரோத்னி கோஸ்மோபோலித்' என்பதாகும். ஆங்கிலத்தின் வழியாக இது 'வேரற்ற' எனத் தமிழுக்கு வருகின்றது. ஆயின் ரஷ்ய மொழியில் 'ரோத்' என்பது குலம், கால்வழி எனப் பொருள்படும். 'பெஸ்' இன்மை குறிக்கும் முன்னொட்டு. தாய்நாட்டைக் குறிக்கும் 'ரோதினா' என்னும் சொல்லும் இதே பகுதியிலிருந்து பிறந்ததே. ஆகவே, யூதர் எந்நாட்டிற்கும் உண்மையற்றவர் என்னும் பழைய பழி சொல்லின் பகுதியிலேயே அடங்கியுள்ளது. 'உலகக் குடிமகன்' என்பதோ தமிழில் புகழ்ச்சிப் பொருள் தருவது; ஈண்டு அது வசையாகும்.

3. அடைப்புக்குறி
ரஷ்யப் புனைபெயரில் எழுதியோரின் யூதக் குடும்பப் பெயர்களை இதழ்கள் அடைப்புக்குறிக்குள் வெளியிட்டன. 'ஹலோதவ் (மெயரோவிச்)' என்பது ஓர் எடுத்துக்காட்டு. மறைந்து வாழும் அயலான் என்னும் படிமத்தை அக்குறியே உருவாக்கியது. தமிழ் வாசகருக்கோ இரண்டும் ரஷ்யப் பெயர்களாகவே தோன்றும்.

4. சொல் மாற்றம்
1953 சனவரி 13 அன்று மருத்துவர் சிலர்மீது கொலைச் சதிக் குற்றம் சாட்டப்பட்டபோது 'யூத' என்னும் அடை 'பூர்ஷ்வா தேசியவாத' என்பதோடு இணைந்து வெளிப்பட்டது. அக்குற்றச்சாட்டு பொய்யென்று 1953 ஏப்ரல் 4 அன்று அறிவிக்கப்பட்டது. போலந்தில் 1968-இல் 'சியோனியர்' என்னும் சொல் இதே பணியைச் செய்தது. சியோனியத்தோடு தொடர்பற்றோரும் அவ்வாறு சுட்டப்பட்டனர்; 1971-க்குள் 13,000-க்கும் மேற்பட்ட யூதர் நாடு நீங்கினர்.

5. முடிவுரை
இத்தகைய சொற்களை 'யூதர்' என நேரே பெயர்ப்பின் மறைப்பு அழியும். மறைப்பே வரலாற்றுச் சான்றாகும். அகராதிப் பொருளை மட்டும் தரின் நஞ்சு புலப்படாது. 'குலமற்ற' என்பது தமிழில் சாதிப் பொருளை ஏற்றும். பிறப்பையும் நாட்டையும் ஒருங்கே சுட்டும் 'பிறந்த மண்ணற்ற' என்பதே மூலத்தை அணுகி நிற்கின்றது. அதனை அடிக்குறிப்போடு ஆளுதல் பொருந்தும்.