குமிழைத் திருகுவதற்கு முன்

கரூரின் பஸ் பாடி பட்டறைகளிலும் கோவையின் ஃபேப்ரிகேஷன் கூடங்களிலும் ‘சி.ஓ.டூ வெல்டிங்’ என்று சொல்லப்படுவது மிக் வெல்டிங்தான். 1940களின் கடைசியில் அமெரிக்காவில், அலுமினியத்தை ஆர்கான் போன்ற வாயுக்களின் காப்பில் பற்றவைப்பதற்காக உருவான முறை இது. விலை மலிவான கார்பன் டைஆக்சைடே போதும் என்று 1950களில் தெரிந்த பிறகு இரும்பு வேலையிலும் நிலைத்துவிட்டது.

ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் நீளத்தை வெல்டரின் கைதான் காக்க வேண்டும். இங்கே அதை மெஷினே பார்த்துக்கொள்கிறது. வோல்டேஜ் ஏறக்குறைய மாறாமல் நிற்கும், வயர் ஒரே வேகத்தில் வரும். வயர் முனை தகட்டை நெருங்கினால் கரண்ட் ஏறும், முனை வேகமாக உருகும், இடைவெளி பழையபடி ஆகிவிடும். விலகினால் கரண்ட் இறங்கி, உருகுவது குறையும். இதெல்லாம் ஒழுங்காக நடக்க வயர் தடையில்லாமல் வர வேண்டும், எர்த் இறுகப் பிடித்திருக்க வேண்டும், உருகிய உலோகத்தை வாயு மூடியிருக்க வேண்டும். வெல்டு கெட்டதும் பலருடைய கை வோல்டேஜ் குமிழுக்குத்தான் போகிறது. கோளாறோ பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கிறது.

வெல்டில் ஊசித்துளைகள் விழுந்தால் வாயுவைச் சந்தேகிக்கலாம். வெக்கைக்கு வைத்த பெடஸ்டல் ஃபேனே அதை ஊதித் தள்ளிவிடும். உடனே வாயுவைத் தாராளமாகத் திறந்துவிடுவதும் தப்பு. சாதாரண வேலைக்கு நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் போதும். அதிகமானால் வாயு சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். நாஸிலுக்குள் பொறி ஒட்டி அடைத்திருக்கிறதா, தகட்டில் துரு, எண்ணெய், பெயின்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலிண்டருக்குள் கார்பன் டைஆக்சைடு திரவமாக இருக்கிறது. அது வாயுவாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் ரெகுலேட்டர் குளிர்ந்து உறைந்துபோகும். அதற்காகத்தான் ஹீட்டர் மாட்டுகிறோம். காலையில் நன்றாக ஓடிய மெஷின் போகப்போகத் துளை போட்டால் ஹீட்டரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை.

வயர் திக்கித் திக்கி வந்தால் ஆர்க்கின் சத்தமே காட்டிக்கொடுக்கும். சீரான படபடப்பு விட்டுவிட்டுக் கேட்கும். ரோலரை இன்னும் இறுக்கினால் சரியாகாது. வயர் நசுங்கி, ரோலருக்கும் லைனருக்கும் இடையே தூக்கணாங்குருவிக் கூடு போலச் சுருண்டுகொள்ளும். வயரின் செம்புப் பூச்சு உதிர்ந்து லைனருக்குள் தூளாகச் சேரும். ஸ்பூல் மாற்றும்போதெல்லாம் ஏர் அடித்துச் சுத்தம் செய்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. டிப்பின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம்.

எர்த் கிளாம்ப்பை பெயின்ட் மேல் மாட்டாமல், கிரைண்டர் பிடித்து வெள்ளையாக்கிய இடத்தில் மாட்டுங்கள்.

இத்தனையும் சரி என்றால் மட்டுமே குமிழைத் தொடலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை. வயர் தகட்டில் முட்டிப் பொறி தெறித்தால் வயர் வேகம் அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு. வெல்டின் ஓரத்தில் தகடு அரித்துப் பள்ளம் விழுந்தால் வோல்டேஜையோ கை வேகத்தையோ குறைக்க வேண்டும். வெல்டு மேல் அங்கங்கே பழுப்பு நிறத்தில் கண்ணாடிச் சில்லு போல் தெரிவது கோளாறல்ல. வயரிலுள்ள சிலிக்கானும் மாங்கனீசும் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து வந்த கசடு அது. பெயின்ட் அடிக்கும் முன் எடுத்துவிட்டால் போதும்.

என்னைக் கவலைப்படவைப்பது அழகான வெல்டுதான். கனமான தகட்டில் சூடு குறைவாக ஓட்டினால் உலோகம் மேலே வழவழப்பாகப் படிந்துவிடும், அடித்தகட்டோடு கலந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாது, பாரம் ஏறும்போது பிரியும். அதனால் புது வேலை தொடங்கும்போது அதே கனத்தில் இரண்டு துண்டுகளை ‘டி’ போல நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, ஆறியதும் வெல்டு இருக்கும் பக்கமாகச் சாயும்படி சுத்தியலால் அடித்து மடக்குங்கள். வெல்டு பிளந்து, அடியில் தகட்டின் பழைய மேற்பரப்பு உருகாமல் அப்படியே தெரிந்தால், வயர் வேகத்தையும் வோல்டேஜையும் கூட்டி இன்னொரு துண்டில் பாருங்கள்.