புளியங்கொட்டையும் வகுத்தலும்

நான் புதுச்சேரி உழவர்கரைக்காரி. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள். நவோதயா விண்ணப்பம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பெற்றோர் வருவார்கள்.

"டீச்சர், எம் பொண்ணு பாஸ் பண்ணிடுவாளா?"

தேர்வு 2 மணி நேரம். 80 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் பாதி மனத்திறன் எனும் படப் புதிர்களுக்கு. தேறிவிட்டால் 6 முதல் 12 வரை காலாப்பட்டு நவோதயா வித்யாலயாவில் தங்கிப் படிக்கலாம். சோறு, சீருடை, புத்தகம் எல்லாம் அரசே தரும்.

1986 கல்விக் கொள்கையோடு வேரூன்றிய திட்டம் இது. கிராமத்துப் பிள்ளைக்கும் நல்ல பள்ளி வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது. 75 விழுக்காடு இடங்கள் கிராமத்துக்கே. உழவர்கரை என்று பெயர் இருந்தாலும் எங்கள் ஊர் நகராட்சி. இங்குள்ள கொத்தனார் வீட்டுப் பிள்ளை மிச்சமிருக்கும் கால் பங்கில்தான் மோத வேண்டும். இதை ஒரு தாயிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வேலை பார்த்தபோது ஒரு மாணவி இருந்தாள். நான் மூன்று முறை நடத்தியும் பக்கத்துப் பையனுக்கு ஏறாத வகுத்தலை, புளியங்கொட்டையைப் பங்கு போட்டுக் காட்டிப் புரியவைத்தாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்ததே நான்தான். தேர்வானாள். மறு வருடம் அந்தப் பையனை வழியில் பார்த்தேன். கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"அவ இல்லல்ல டீச்சர், கேக்க ஆளில்ல."

விடுமுறையில் அவளும் வந்தாள். நூலகம், ஆய்வகம் என்று கண் மின்னச் சொன்னவள், கடைசியில் குரலை இறக்கினாள்: "அங்க எல்லாருமே நல்லா படிக்கிறாங்க. நான் கடைசில இருக்கேன்."

1966இலேயே கோத்தாரி கல்வி ஆணையம், இப்படிப் பிரிக்காமல் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் அண்மைப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைகளை வடிகட்டக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். நவோதயாவுக்கோ நுழைவுத் தேர்வு நீடிக்கிறது. இங்கிலாந்தில் 11 வயதுத் தேர்வால் பிள்ளைகளைப் பிரித்துவந்தார்கள். 1965க்குப் பிறகு பெரும்பாலான ஊர்களில் அதைக் கைவிட்டார்கள். தமிழ்நாட்டில் நவோதயாவே கிடையாது. அங்கே வாதமெல்லாம் இந்தியைச் சுற்றியே நடந்தது; பத்து வயதில் பிரிக்கலாமா என்ற கேள்வி அதில் அமுங்கிவிட்டது.

நவோதயாவின் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: தூற்றி எடுத்த நெல்லில் பதர் ஏது? அங்கே பிள்ளைகளை வளர்ப்பது வயிறு நிறையச் சோறு, வளாகத்திலேயே குடியிருக்கும் ஆசிரியர், மாலைப் படிப்பு, திறந்திருக்கும் நூலகம். இவற்றில் எதைத் தெருமுனைப் பள்ளிக்குக் கொடுக்க முடியாது? மாலைப் படிப்புக்கு ஓர் ஆசிரியரைப் போடவும் நூலகப் பூட்டைத் திறக்கவும் எந்த நுழைவுத் தேர்வும் வேண்டாமே!

இப்போதும் விண்ணப்பத்தோடு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. எழுதட்டும். ஆனால் மாலையில் வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். திண்ணையில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன்.