மேலதிகாரியின் முகம் வாடும்போது



நீங்கள் செய்யும் வேலையில் நீங்கள் கைதேர்ந்தவரா? அப்படியானால் சோம்பேறிக்கு ஒருபோதும் வராத ஒரு சோதனை உங்களுக்கு வரும். உங்கள் மேலதிகாரியைவிட ஒரு காரியம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது ஒரு நாள் வெளிப்பட்டுவிடும். அன்றிலிருந்து அவருடைய முகம் உங்களுக்கு முன் வேறுபட்டிருக்கும். இதைத்தான் இன்றைக்கு எல்லாரும் 'ஈகோ' என்கிறார்கள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் உள்ள ஒரு மசாலாக் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் சகோதரர் ஒருவர், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்தவர்; இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். கிடங்கில் மிளகு எடை குறைகிறது என்று பல மாதங்களாகவே பேச்சு. திருட்டு என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். இவரோ, ஈரத்தோடு வந்திறங்கும் மூட்டைகள் உலர உலர எடை இழக்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். காட்டிய இடம் முதலாளியின் அறை. இருபது வருடமாகக் கணக்குப் பார்த்துவரும் சூப்பர்வைசரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரமே இவரை வாசலில் லாரி எண்ணும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். "பாஸ்டர் ஐயா, இனிமேல் தெரிந்ததைத் தெரியாததுபோல இருக்கச் சொல்லட்டுமா?" என்று அவருடைய மனைவி கேட்டார். அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர்களுக்கு நான் சொன்ன சரித்திரத்தை உங்களுக்கும் சொல்லுகிறேன். அதன் தொடக்கம் எங்கள் சபைக்குச் சமீபத்திலேயே இருக்கிறது. மட்டாஞ்சேரியிலுள்ள அரண்மனையை 'டச்சு அரண்மனை' என்பார்கள். உண்மையில் அதை 1555 வாக்கில் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது! வேலை ஒருவருடையதாகவும் பெயர் வேறொருவருடையதாகவும் இருப்பது அலுவலகத்தில் மட்டுமல்ல, கட்டடங்களிலும் உண்டு.

1663 ஜனவரியில் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுப் படைக்குத் தலைவர் ரைக்லாஃப் வான் கூன்ஸ். அவருக்குக் கீழே பணிசெய்த ஓர் இளம் அதிகாரி ஹென்ட்ரிக் வான் ரீட். 1662-இல் மட்டாஞ்சேரி அரண்மனைப் பகுதியில் நடந்த சண்டையில் கொச்சியின் மூத்த ராணியைப் பிடித்துக் காவலில் வைத்தவர் இவரே. வான் கூன்ஸுக்கு இந்த இளைஞனைப் பிடித்திருந்தது, தூக்கிவிட்டார். தூக்கிவிட்டவரே பின்னாளில் பகைப்பது உலகத்தில் புதிதல்ல. நாம் வளர்த்த பிள்ளை நம்மைக் கேட்காமல் யோசிக்கத் தொடங்கிவிட்டானே என்ற நோவு அது.

1670-இல் வான் ரீட் மலபார் பகுதியின் கமாண்டராகக் கொச்சியில் அமர்ந்தார். வான் கூன்ஸ் அப்போது இலங்கையின் ஆளுநர். கம்பெனியின் ஆசியத் தலைமையிடம் ஜாவாத் தீவின் பட்டாவியா. அதற்கு இணையாகக் கொழும்பை உயர்த்தவேண்டும் என்பதும், கோட்டைகளாலும் படையாலும் கரையை ஆளவேண்டும் என்பதும் அவருடைய எண்ணம். மலபார் இலங்கைக்கு அடங்கியதல்ல, இங்கே ராஜாக்களோடு இணங்கி வியாபாரம் செய்வதே லாபம் என்பது வான் ரீடின் வாதம். வான் ரீட் பணிந்துபோகிற மனிதர் அல்லர். அறிக்கைகளில் கடுமையாகவே வாதாடினார். வான் கூன்ஸ் பட்டாவியாவில் உயர்பதவிக்குப் போனபோது, இலங்கையில் அவருடைய மகனே 1675-இல் ஆளுநரானார். மேலே தகப்பன், பக்கத்தில் மகன். நடுவில் கொச்சி.

இந்த நெருக்கடியில் அவர் கையில் எடுத்த வேலைதான் எனக்கு வியப்பு. மலபாரில் விளையும் செடி, கொடி, மரங்களை எல்லாம் சேகரித்து, படம் வரைந்து, மருத்துவக் குணத்தோடு எழுதிவைக்கத் தொடங்கினார். 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற அந்த லத்தீன் நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது; 742 தாவரங்கள் அதில் உள்ளன. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் பின்னாளில் தாவரங்களுக்குப் பெயரிட்டபோது இந்நூலைப் பெரிதும் பயன்படுத்தினார். வான் ரீடின் நோக்கம் முழுவதும் தூய்மையானது என்று நான் சொல்லமாட்டேன். மலபார் எவ்வளவு வளமானது என்று கம்பெனிக்குக் காட்டித் தன் கட்சியை நிலைநாட்டும் எண்ணமும் அதில் இருந்தது. ஆனாலும் எதிராளியின் குறைகளைப் பட்டியலிடுவதை விட்டுச் செடிகளைப் பட்டியலிட்டாரே, அதைக் கவனியுங்கள். குறைப்பட்டியலுக்கு மறுபட்டியல் எழுதிவிடலாம். மிளகுக்கொடியின் படத்துக்கு என்ன மறுப்பு எழுதுவது?

1677-இல் வான் ரீட் பட்டாவியாவுக்குப் போனார். வான் கூன்ஸ் அங்கே கவர்னர் ஜெனரல் ஆகப்போவது தெரிந்திருந்தது. அந்த வருடத்தின் முடிவிலேயே இவர் ஹாலந்துக்குக் கப்பலேறிவிட்டார். சிலர் இதைத் தோல்வி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சவுலின் அரண்மனையில் தாவீதுக்கு நேரிட்டதை நீங்கள் அறிவீர்கள். அவர் ஈட்டியைத் திருப்பி எறியவில்லை. ஈட்டி பாயும்வரை சுரமண்டலத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கவும் இல்லை. இந்த இரண்டாவது பாதியை நம்முடைய பிரசங்கங்களில் நாம் போதுமான அளவு சொல்லுவதில்லை என்பது என் மனக்குறை. பொறுமை என்று சொல்லிச் சொல்லி, எத்தனை பேரை அழிவான இடங்களிலேயே உட்காரவைத்துவிட்டோம்!

வான் கூன்ஸ் 1682-இல் இறந்தார். 1684-இல் கம்பெனியின் இயக்குநர்கள், முறைகேடுகளை விசாரிக்கும் கமிஷனர் ஜெனரலாக வான் ரீடையே கீழ்த்திசைக்கு அனுப்பினார்கள். 1690 வாக்கில் சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நம்முடைய நாகப்பட்டினத்துக்கு மாற்றியவர் அவர்தான். 1691 டிசம்பரில் சூரத்துக்குப் போகும் வழியில் கடலிலேயே இறந்தார்.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த சகோதரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன்னை வான் ரீடாகவும் சூப்பர்வைசரை வான் கூன்ஸாகவும் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நீங்களும் ஒருவேளை அப்படியே வாசித்திருப்பீர்கள். ஆகையால் மீதியையும் சொன்னேன்.

அந்தச் செடிகளெல்லாம் வான் ரீடுக்குத் தெரியாது. தெரிந்தவர்களைத் தேடினார். புராட்டஸ்டண்டான அவர், மத்தேயு என்ற கர்மேல் சபைத் துறவியிடம் உதவி கேட்டார். கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணிச் சமூகத்தைச் சேர்ந்த மூன்று வைத்தியர்களைக் கேட்டார்: ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட். சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனையும் கேட்டார். அக்காலத்தில் சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட மனிதர் அவர். ஆனால் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த ஓலைச்சுவடி அவர் வீட்டில் இருந்தது. 1678-இல் வந்த முதல் தொகுதியின் முன்பக்கங்களில், 1675 ஏப்ரல் 20 தேதியிட்ட இட்டி அச்சுதனின் சான்று அவருடைய சொந்த மொழியிலும் எழுத்திலும் அச்சாகியிருக்கிறது. கொங்கணி வைத்தியர்களின் சான்று நாகரி எழுத்தில் இருக்கிறது. ஹாலந்தில் அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? செம்புத் தகட்டில் செதுக்கும் செலவை மிச்சப்படுத்தி, எல்லாம் என் அறிவு என்று சொல்லியிருந்தால் கேட்பார் இல்லை. மேலிருந்தவரால் நெருக்கப்பட்ட மனிதர், தமக்குக் கீழே இருந்தவரின் பெயரை நூலின் வாசலிலேயே வைத்தார்.

பிறகு சகோதரரிடம் கேட்டேன்: "உங்கள் கணக்கு சரி. சொன்ன இடம்தான் சரியில்லை. நாளைக்குக் கிடங்கு திறப்பதற்கு முன்னே சூப்பர்வைசரைத் தனியே பாருங்கள். கணக்கைக் கொடுத்து, பழைய வருடங்களின் பதிவோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவு அவரிடம் மட்டும்தானே இருக்கிறது?"

"ஆம் ஐயா. அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை."

"அவர் மறுத்தால் வேறு வேலை தேடலாம், அது பாவமில்லை. ஆனால் இன்னொன்று: மூட்டை ஈரமாக வருகிறது என்பதை முதலில் உங்களுக்குச் சொன்னது யார்?"

சற்று நேரம் பேசாதிருந்தார். மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர், தோளில் சுமக்கும்போதே கனம் தெரிகிறது என்று சொன்னாராம்.

"முதலாளியிடம் அவர் பேரைச் சொன்னீர்களா?"

"இல்லை ஐயா."

"அவருடைய பெயர் என்ன?"

சகோதரருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.